கண்ணீர்க் குழாய் அடைப்புக்கு உருண்டை கொடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணில் எந்நேரமும் நீர் வடிகிறது, காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொள்கிறது, மூக்கோரமாக அழுத்தினால் கொழகொழவென்று ஏதோ வெளியே வருகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு ஹோமியோபதி கிளினிக்குக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கண் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே காட்டியிருப்பார்கள், அங்கே ஆபரேஷன் என்று சொல்லியிருப்பார்கள், "கத்தி வைக்காம முடியுமா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டு நம்மிடம் வந்து உட்காருவார்கள். பி.எச்.எம்.எஸ். என்ற ஹோமியோபதிப் பட்டம் முடித்துப் புதிதாகக் கிளினிக் போட்ட தம்பி தங்கைகள் இந்தக் கேஸைக் கையாளுவதைப் பார்த்தால், எங்கள் செட் ஆட்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்துதான். மருந்து டப்பாவின் லேபிள் மாறியிருக்கிறது, வேறெதுவும் மாறவில்லை.

கை கழுவாமல் கண்ணைத் தொடுவது, ஒருவர் துண்டை இன்னொருவர் பயன்படுத்துவது, தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணில் விடுவது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் நான் போகவில்லை. படித்தவர்கள் தெரிந்தே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

குழாய் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ரெபர்டரி என்ற அறிகுறி-மருந்து அகராதியைத் திறப்பது

கண்ணின் மூக்கோர மூலையில், மேல் இமையில் ஒன்று, கீழ் இமையில் ஒன்று என்று பொடித் துளைகள் இரண்டு இருக்கின்றன. கண்ணீர் அதன் வழியாக இறங்கி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய நாளத்தில் ஓடி, மூக்கெலும்பை ஒட்டியிருக்கும் கண்ணீர்ப் பையில் சேர்ந்து, அங்கிருந்து எலும்புக்கு நடுவே போகும் குழாய் வழியாக மூக்குக்குள் விழுகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இந்தக் கடைசிக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி அடைத்துக்கொள்கிறது. பையில் கண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி வளரும், சளியும் சீழும் சேரும். நாள்பட்ட கண்ணீர்ப் பை அழற்சி என்றால் இவ்வளவுதான். கிருமி இரண்டாவதாக வந்தது, முதலில் வந்தது அடைப்பு.

இப்போது ரெபர்டரிக்கு வாருங்கள். சிலிசியா, பல்சட்டில்லா, ஃபுளோரிக் ஆசிட், பெட்ரோலியம், யூஃப்ரேசியா, ஹெப்பார் சல்ப் என்று வரிசைகட்டி நிற்கும். நோயாளிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதா, உள்ளங்கால் வியர்க்குமா, சீக்கிரம் அழுதுவிடுவாரா என்று கேட்டு, "சிலிசியா 200" என்று எழுதிவிட்டால் கேஸ் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நான் இத்தனை காலம் இந்தத் துறையில் இருந்துகொண்டு சொல்கிறேன், எலும்புக்கு நடுவே தழும்பு கட்டி மூடிய குழாயைத் திறக்கிற உருண்டை எதுவும் கிடையாது. 30சி என்றால் நூற்றில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. 12சியைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சியிருப்பதே அபூர்வம். 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசியச் சுகாதார மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஹோமியோபதி குறித்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, எந்த நோய்க்கும் அது பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் நம் ஆட்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். உருண்டை பற்றி யார் என்ன நம்பினாலும் சரி, அடைப்பு அடைப்புதான். அடைத்த சாக்கடையில் பினாயில் ஊற்றினால் நாற்றம் கொஞ்ச நேரம் அடங்கும், தண்ணீர் போகாது.

ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமனைக் காட்டி வாதம் செய்கிறவர்களுக்கு ஒன்று. அவருடைய மூலநூலான ஆர்கனானின் 7ஆம் அஃபாரிசத்துக்கு (பத்திக்கு) அவரே எழுதிய அடிக்குறிப்பைப் படியுங்கள். கருவிழியில் துகள் விழுந்து கண் சிவந்திருந்தால் துகளை எடு, காயத்தில் கட்டு இறுகியிருந்தால் கட்டைத் தளர்த்து என்கிறார். கண் முன்னால் இருக்கிற காரணத்தை விட்டுவிட்டு மருந்து தேடச் சொல்லி அவரே சொல்லவில்லை.

"பீளை நின்றுவிட்டது" என்பதைக் "குணமாகிவிட்டது" என்று எழுதுவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற தவறு இதுதான்.

டெல்டா பக்கத்து அம்மா ஒருவர், அறுபதை ஒட்டிய வயது. இடது கண்ணில் வருஷக்கணக்காக நீர். என்னிடம் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பிதான் அவரைப் பார்த்துவந்தான். மாதத்துக்கு ஒரு முறை வருவார், அவன் டார்ச் அடித்துக் கண் மூலையைப் பார்ப்பான், சுத்தமாக இருக்கும், கேஸ் ஷீட்டில் "டிஸ்சார்ஜ் பெட்டர்" என்று எழுதி இரண்டு பிளஸ் குறி போடுவான். போதாததற்கு முதல் நாள் எடுத்த போட்டோவையும் புதுப் போட்டோவையும் ஒட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேறு. கீழே ஏழெட்டுப் பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் அவன் வரவில்லை, அந்த அம்மாவை நான் பார்க்க வேண்டியதாயிற்று. "காலையில எழுந்ததும் கண்ணுக்கு என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டேன். மருந்தைப் பற்றிக்கூட இல்லை, வெறுமனே பேச்சுக்குத்தான். அவர் ஆள்காட்டி விரலை மூக்கோரம் வைத்து, உள்நோக்கி ஒரு அழுத்து அழுத்தி, முந்தானையால் துடைக்கிற மாதிரி செய்து காட்டினார். "முகம் கழுவுறப்பவே இப்படி ஒரு அமுக்கு அமுக்கி எடுத்துடுவேன் டாக்டர். பஸ்ஸ விட்டு இறங்கினதும் இன்னொரு தடவை. இல்லேன்னா உங்க முன்னாடி வந்து அசிங்கமால்ல இருக்கும்?"

அவ்வளவுதான் அந்த இரண்டு பிளஸ் குறியின் கதை.

மறுநாள் அமுக்காமல் வரச் சொன்னேன். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, கண்ணீர்ப் பையின் மேல், அதாவது மூக்கெலும்பின் விளிம்புக்கு உட்பக்கமாக, விரலை வைத்து அழுத்தினால் கீழ்த் துளை வழியாக மஞ்சளாகத் திரண்டு வந்தது. ஒரு சொட்டு இல்லை, இமை விளிம்பு நெடுக வழிந்தது. பை நிறையச் சீழை வைத்துக்கொண்டுதான் அவர் "பெட்டர்" ஆகியிருக்கிறார்.

சரி, நீர் வடிதல்தானே, உயிரா போய்விடும் என்று கேட்பீர்கள். அந்த அம்மாவுக்கு அதே கண்ணில் புரையும் இருந்தது, ஊரில் கண் முகாம் வருகிறது, பேர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னார். சீழ்ப் பை பக்கத்தில் இருக்கும்போது கண்ணைத் திறந்து புரை ஆபரேஷன் செய்தால், அந்தக் கிருமி கண்ணுக்குள்ளேயே போய்விடலாம். எண்டோஃப்தால்மைட்டிஸ் என்று சொல்வார்கள். ஓரிரு நாளில் பார்வை போகும், சில சமயம் கண்ணையே எடுக்க வேண்டிவரும். அதனால்தான் நம் ஊரில் புரை ஆபரேஷனுக்கு முன்னால் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது, சிரிஞ்சிங் என்பார்கள். மழுங்கிய ஊசியை இமைத் துளையில் வைத்து உப்புத் தண்ணீரைச் செலுத்துவார்கள், "தொண்டைக்கு உப்புக் கரிச்சுதா?" என்று கேட்பார்கள். கரித்தால் குழாய் திறந்திருக்கிறது. தண்ணீர் சளியோடு மேல் துளை வழியாகத் திரும்பி வந்தால் குழாய் அடைப்பு. இதில் இன்னொரு கூத்து, ஆபரேஷன் தள்ளிப்போய்விடுமே என்று பயந்து, கரிக்காமலே "கரிச்சுது, கரிச்சுது" என்று தலையாட்டுகிறவர்கள் உண்டு. காலையில் அமுக்கித் துடைத்துவிட்டு வந்தவர், நம் டாக்டர் வேறு "குணம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், கேட்டால் கரித்தது என்கிறார். நல்லவேளையாகச் சிரிஞ்சிங் செய்கிற கண் மருத்துவமனை ஊழியர்கள் நோயாளி சொல்வதை மட்டும் நம்புவதில்லை, திரும்பி வருகிற தண்ணீரையும் பார்க்கிறார்கள்.

புரை இல்லாதவர்களுக்கும் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். களத்து மேட்டில் வேலை செய்கிறவர் கண்ணில் நெல் தாள் கீறுவது, பதர் பறந்து விழுவது சகஜம். கருவிழியில் சின்னக் கீறல், மற்றவர்களுக்கு இரண்டு நாளில் ஆறிவிடும். கண்ணீர்ப் பையில் சீழோடு இருக்கிறவருக்கு அந்தக் கீறலின் மேல் நாள் முழுக்கக் கிருமி கலந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். நியூமோகாக்கஸ் மாதிரி ஒரு கிருமி அதில் உட்கார்ந்தால் கருவிழியில் புண், கண்ணுக்குள் சீழ் மட்டம், ஆறினாலும் வெள்ளைத் தழும்பு. அறுவடை நேரத்தில் கண் ஆஸ்பத்திரிகளில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம்.

அப்புறம், பீளை குறைவதற்கு மருந்தைத் தவிர எத்தனையோ காரணம் இருக்கிறது. சித்திரை வெயிலில் காற்று காய்ந்து கிடக்கும், கண்ணீர் வழிவதற்கு முன்பே கொஞ்சம் ஆவியாகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஈரக் காற்றும் சளியும் சேர்ந்தால் மறுபடி ஒழுகும். மாசியில் மருந்தைத் தொடங்கி வைகாசியில் பாராட்டு வாங்குகிற டாக்டர்கள் அதே நோயாளியைக் கார்த்திகையில் பார்க்கட்டும். சிலருக்கு மேலே உள்ள மெல்லிய நாளமும் சேர்ந்து அடைத்துவிடும். அப்போது பீளை முற்றிலும் நிற்கும், அழுத்தினாலும் எதுவும் வராது. மூக்கோரம் மட்டும் கொட்டைப்பாக்கு அளவுக்கு வலியில்லாத வீக்கம் நிற்கும். வெளியே வர வழியில்லாமல் பைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம். இதை முன்னேற்றம் என்று எழுதிய கேஸ் ஷீட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நீர் வடிகிற கண்ணோடு யார் வந்தாலும் முதலில் இரண்டு கேள்வி: காலையில் அமுக்கினீர்களா? சிரிஞ்சிங் செய்திருக்கிறார்களா, என்ன சொன்னார்கள்? சிரிஞ்சிங் சீட்டு இல்லையென்றால் அனுப்பி வாங்கி வரச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஷீட்டில் "பீளை குறைவு" என்று எழுதுவது வேறு, "குழாய் திறந்திருக்கிறது" என்று எழுதுவது வேறு. இரண்டாவதை எழுதுவதற்கு டார்ச் மட்டும் போதாது. அந்த அம்மா கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் குழாய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு, சில வாரம் கழித்துப் புரையை எடுத்தார். தம்பி அந்த ஸ்டேட்டஸைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவே இல்லை.

வீங்கிச் சிவந்ததை "அக்ரவேஷன்" என்று சமாதானம் சொல்வது

மருந்து கொடுத்த சில நாளில் கண் மூலையில் சிவந்து, வீங்கி, தொடவிடாமல் வலிக்கிறது என்று போன் வரும். "மருந்து வேலை செய்யுது, கொஞ்சம் கூடித்தான் குறையும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அது தேங்கிய பையில் திடீரென்று பரவிய தொற்று. சீழ்க்கட்டியாகி, தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆறாத துவாரமாகவே நின்றுவிடலாம். பின்பக்கம் பரவினால் கண் குழிக்குள் போகும். காய்ச்சல், கண் முன்னே பிதுங்குவது, அசைத்தால் வலி, ஒன்று இரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவை எதுவும் இல்லாவிட்டாலும் இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், ஹெப்பார் சல்ப் போதாது. இந்த நிலையில் வீட்டில் அழுத்தவும் கூடாது, ஊசியால் குத்திவிடவும் கூடாது. சிரிஞ்சிங்கூட வீக்கம் அடங்கிய பிறகுதான் செய்வார்கள்.

கைக்குழந்தை கேஸில் கிடைக்கும் இலவசப் பெயர்

பிறந்த குழந்தைகள் பலருக்குக் குழாயின் கீழ் முனையில் ஒரு மெல்லிய சவ்வு திறக்காமல் இருக்கும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அதுவாகவே திறந்துவிடும். நடுவில் யார் எந்த உருண்டையைக் கொடுத்தாலும் பெயர் அவருக்கு. "சிலிசியாவுல குழந்தைக்குச் சரியாச்சு" என்கிற கதைகளில் பெரும்பங்கு இந்த வகைதான், அதையே நம்பி அறுபது வயதுக்காரருக்கும் அதே மருந்தைக் கொடுப்பதுதான் அபத்தம். இரண்டும் ஒரே நோய் இல்லை.

குழந்தைக்கு நிஜமாகவே உதவுவது மசாஜ். 1923-இல் கிரிக்லர் என்பவர் விவரித்த முறை, இன்றைக்கும் கண் மருத்துவர்கள் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவி, கண்ணின் உள் மூலையில் விரல் நுனியை வைத்து, அழுத்தியபடியே மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். தடவுகிற மாதிரி மேலோட்டமாகச் செய்தால் பயனில்லை, பைக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் சவ்வைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு முறை, நாளைக்கு நாலைந்து வேளை. பால் கொடுக்கிற நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் அம்மாக்களுக்கு மறக்காது. ஒரு வயதாகியும் நிற்கவில்லையென்றால் மயக்கம் கொடுத்து மெல்லிய கம்பியால் சவ்வைத் திறந்துவிடுவார்கள், சின்ன வேலை. இரண்டு மூன்று வயது வரை "இன்னும் ஒரு டோஸ் பார்க்கலாம்" என்று இழுத்தால் அந்தச் சின்ன வேலையும் சிக்கலாகலாம்.

வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடும் குழந்தை

கருவிழி பெரிதாக, மங்கலாகத் தெரிந்தால் அது குழாய் அடைப்பு இல்லை, பிறவிக் கண் அழுத்தமாக இருக்கலாம். உடனே அனுப்புங்கள்.

பிறந்த மாதத்திலேயே கெட்டிச் சீழ்

காத்திருக்காதீர்கள். பிரசவத்தில் தொற்றிய கிருமி கருவிழியை ஓட்டையாக்கிவிடும்.

டிங்சரைக் கண்ணில் விடுவது

மதர் டிங்சரில், அதாவது நீர்க்காத மூல மருந்துச் சாற்றில், ஆல்கஹால் இருக்கிறது. பன்னீரில் கலந்தாலும் அது கிருமிநீக்கம் செய்த சொட்டு மருந்து ஆகிவிடாது.

"எல்லா இங்கிலீஷ் மருந்தையும் நிறுத்துங்க"

இது மருந்தின் வீரியம் கெட்டுவிடும் என்ற பழைய பாட்டு. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு பெரியவரிடம் இப்படிச் சொல்ல, அவர் கண் நீருக்கு என்று போட்டுவந்த சொட்டோடு கண் அழுத்தத்துக்குப் போடும் சொட்டையும் சேர்த்து நிறுத்திவிட்டார். பாட்டில் எது எதற்கு என்று அவருக்கும் தெரியாது, சொன்னவரும் கேட்கவில்லை. கண் அழுத்தம் வலிக்காது, போன பார்வை திரும்பாது. நோயாளியின் பையில் இருக்கிற ஒவ்வொரு பாட்டிலையும் மேஜையில் எடுத்து வைக்கச் சொல்லிப் படித்துப் பாருங்கள். நிறுத்தச் சொல்வதற்காக இல்லை. அதில் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு இருந்தால், அதை எழுதிக் கொடுக்காத கண் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். மாதக்கணக்கில் போட்டால் அதுவே கண் அழுத்தத்தைக் கூட்டும்.

கண்ணீரில் ரத்தம், மூலைக்கு மேல்பக்கம் கெட்டியான கட்டி

மருந்து எழுதும் நோட்டை மூடுங்கள். புற்று இல்லை என்று உறுதியாகும் வரை வேறு பேச்சில்லை.

ஆபரேஷனைக் காட்டிப் பயமுறுத்துவது

நோயாளியை நம் பக்கம் வைத்துக்கொள்ள "முகத்துல தழும்பு விழும், திரும்ப அடைச்சுக்கும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டி.சி.ஆர். என்று சொல்லும் அந்த ஆபரேஷனை இத்தாலியின் டோட்டி 1904-இல் விவரித்தார். அடைத்த குழாயோடு மல்லுக்கட்டாமல், கண்ணீர்ப் பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள எலும்பில் ஜன்னல் மாதிரி ஒரு வழி திறந்துவிடுகிறார்கள். வெளியே மூக்கோரம் சின்னதாகக் கீறியும் செய்யலாம், மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுத் தழும்பே இல்லாமலும் செய்யலாம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சரியாகிவிடுகிறது. ரொம்ப வயதானவர், உடம்பு தாங்காது என்றால் பையை மட்டும் எடுத்துவிடுகிற வழியும் உண்டு. அதன் பிறகு நீர் வடிவது நிற்காது, ஆனால் சீழ் நின்றுவிடும், புரை ஆபரேஷனுக்கு வழி கிடைக்கும்.

ஆபரேஷன் முடிந்து நம்மிடம் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டுதான். மருத்துவர் சொல்லும் வரை மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, ரத்தம் வரும். சிலருக்கு வழி மூடாமல் இருக்க மெல்லிய சிலிக்கான் குழாய் வைத்திருப்பார்கள், கண் மூலையில் கண்ணாடி நூல் போலத் தெரியும். ஒருவர் அதை மறந்துபோன தையல் என்று நினைத்து, வீட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருக்கிறார், நல்லவேளையாக மருமகள் பார்த்துப் பிடுங்கிவிட்டாள். அது தானாக விழாது, வைத்தவரே சில வாரங்கள் கழித்து எடுப்பார். தேதி டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும்.